பேர் சொல்லிச் சாட்சி

சாட்சி சொல்லும் நேரம் வந்தால் எங்கள் ஊர்க் கோயில்பிள்ளை முதலில் கடிகாரத்தைப் பார்ப்பார், பிறகு போதகரான ஐயரைப் பார்ப்பார். ஐயர் முகட்டைப் பார்ப்பார். யார் எழுந்தாலும் சீக்கிரம் உட்காரமாட்டார்கள் என்பது மூவருக்கும், அதாவது கடிகாரத்துக்கும் சேர்த்து, தெரிந்த விஷயம். வெளியே அசனத்துக்கு ஏற்றிய அடுப்பிலிருந்து கத்தரிக்காய் போட்ட ஆட்டுக்கறி வாசம் வந்துகொண்டிருக்கும். பிள்ளைகளான எங்களுக்கு அதுவே பெரிய சோதனை.

ஸ்தோத்திரப் பண்டிகை அன்றுதான் சாட்சிகள் அதிகம். மகள் கல்யாணம் கூடிவந்தது, சவுதிக்கு விசா வந்தது, ஆப்பரேஷன் என்று டாக்டர் சொன்ன கல் தானாகக் கரைந்தது, காணாமல்போன மாடு திரும்பியது. ஒருவர் வருடந்தோறும் ஒரே சாட்சியைச் சொல்வார். திருச்செந்தூர் பஸ்ஸைத் தவறவிட்டாராம். அந்த பஸ் அன்றைக்குப் பள்ளத்தில் கவிழ்ந்ததாம். வருடம் ஏற ஏறப் பள்ளம் ஆழமாகிக்கொண்டே போனது. பஸ்ஸைத் தவறவிடாதவர்கள் என்ன ஆனார்கள் என்று அவரும் சொன்னதில்லை, சபையும் கேட்டதில்லை. "ஸ்தோத்திரம்" என்று முணுமுணுத்துவிட்டு அடுத்தவருக்குக் காத்திருப்பார்கள்.

முடிவு நல்லபடி அமைந்தவர்கள்தான் எழுந்து நிற்பார்கள். மாடு திரும்பாதவன் எழுந்து நான் பார்த்ததில்லை. என் அம்மாவைத் தவிர.

சாத்தான்குளத்துக்கும் உடன்குடிக்கும் நடுவே தேரிமணலில் கிடக்கிற சின்ன ஊர் எங்களுடையது. அப்போது மாவட்டமும் திருநெல்வேலி, திருமண்டலமும் திருநெல்வேலி. 1986இல் மாவட்டம் பிரிந்தது. 2003இல் தூத்துக்குடி–நாசரேத் திருமண்டலமும் தனியாயிற்று. சிவந்த மணல், உடைமரம், பனை. அப்பா பனையேறி. மெஞ்ஞானபுரத்துக் கோயிலின் 192 அடிக் கோபுரம் மரத்து உச்சியிலிருந்து தெரியும் என்பார். "கீழ நிக்கவனுக்குத்தாம்ல அது கோபுரம். எனக்கு அது பக்கத்து மரம்."

பனையேற்றத்தைப் பற்றி இப்போது பலரும் உருகி எழுதுகிறார்கள். உருக எனக்கு வராது. விடியுமுன் எழுந்து, காலில் தளைநார் மாட்டி, நெஞ்சுத்தோல் கட்டி, இடுப்பில் அருவாப்பெட்டியோடு முப்பது நாற்பது மரம் ஏறி இறங்கவேண்டும். சாயங்காலமும் அதே மரங்களில் ஏறிப் பாளையைச் சீவிவிட்டு வரவேண்டும். சீவாவிட்டால் பாளை அடைத்துக்கொள்ளும். ஞாயிற்றுக்கிழமை என்று பனைக்குத் தெரியாது. அதனால் சீசனில் ஆண்கள் பாதிப்பேர் ஆராதனைக்குப் பிந்தித்தான் வருவார்கள், நெஞ்சில் மரம் உரசிய தழும்போடு. இறக்கிய பதநீரை விடிலியில் காய்ச்சுவது பெண்கள் வேலை. கூப்பனிப் பதம் தாண்டியதும் சிரட்டையில் ஊற்றிக் கருப்பட்டியாக்கும்வரை அம்மா புகைக்குள்தான் இருப்பாள். பங்குனியிலிருந்து ஆவணிவரை இதுதான் பிழைப்பு. மற்ற மாதங்களுக்கு வியாபாரியிடம் வாங்கிய முன்பணம்.

1979 வைகாசியில் அப்பா விழுந்தார். காய்ந்த காவோலை மட்டை ஒன்றைப் பிடித்திருக்கிறார். அது கையோடு பிய்ந்து வந்துவிட்டது. கூட ஏறுகிறவர்கள் நார்க்கட்டிலில் போட்டு மிஷன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். உயிர் தங்கியது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் தங்கவில்லை.

அந்த வருடத்து முன்பணம் அப்படியே நின்றது. கொடுத்தவர் காயல்பட்டினத்து முதலாளி. உடன்குடிச் சந்தையில் அவருக்கு ஒரு கிட்டங்கி இருந்தது. கடைப்பையன்கள் அவரைக் காக்கா, அதாவது அண்ணன், என்பார்கள். அவர் வண்டி எங்கள் வீட்டு முன்னால் வந்து நின்றபோது, விடிலிச் சட்டியையும் அண்டாவையும் எடுத்துப்போக வந்திருக்கிறார் என்று நினைத்து அம்மா அவற்றைக் கழுவித் திண்ணையில் வைத்துவிட்டாள். அவர் உள்ளே போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தார். வெளியே வந்து, "பொட்டி முடைவியாம்மா?" என்று கேட்டார். முடைவாள், எங்கள் ஊரில் முடையாத பெண் யார்? கருப்பட்டி கட்டுகிற ஓலைப்பெட்டி இனிமேல் இந்த வீட்டிலிருந்து வரட்டும், பாதிக்குக் காசு தருகிறேன், பாதி கணக்கில் கழியட்டும் என்றார். கழுவிவைத்த அண்டாவைப் பார்த்து, "இதை ஏன் வெயில்ல வச்சிருக்கே?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மறு வருடம் மாமா அப்பாவை ஒரு சுகமளிக்கும் கூட்டத்துக்கு வேனில் கூட்டிப்போனார். பெரிய மைதானம், குழல்விளக்கு, மேடையில் இசைக்குழு. விசுவாசிக்கிறவர்கள் எழுந்து நடக்கலாம் என்று அறிவித்தார்கள். எங்களுக்கு முன்வரிசையில் ஒரு பெண் கைத்தடியை எறிந்துவிட்டு நடந்தாள்; கண்ணால் பார்த்தேன், பொய் சொல்லமாட்டேன். அப்பா இரண்டு கையையும் ஊன்றி எழப்பார்த்தார். வியர்த்துக் கொட்டியது. கடைசியில் தொண்டர் ஒருவர் குனிந்து மாமாவிடம், விசுவாசத்தில் எங்கோ குறையிருக்கிறது, வீட்டில் எல்லாரும் ஆராய்ந்து பாருங்கள் என்றார். ஆராய என்ன இருக்கிறது? எங்கள் வீடு ஓலை வீடு. ஒளிந்த பாவம் என்று ஒன்று இருந்தால் அடுத்த வீட்டுக்காரிக்கு முதலில் தெரிந்திருக்கும்.

அதன்பிறகு அப்பா சுவரைப் பார்த்தே கிடந்தார். ஜெபக்கூட்டத்துக்கு ஆட்கள் வந்தால் தூங்குவதுபோல் இருப்பார். முதுகில் படுக்கைப்புண் விழுந்தது. எலும்பு முறிந்ததைவிட அந்தப் புண்தான் எங்களைப் பயமுறுத்தியது. அதன் வாடை வீட்டுக்கு வந்தவர்களைத் திண்ணையோடு திருப்பியனுப்பியது. வெளியூர் ஜெபக்குழுக்களின் வரவு நின்றது அப்போதுதான். நின்றது நல்லது என்று அம்மா சொன்னாள்.

புதிதாக மாற்றலாகி வந்த ஐயர் மூக்கைப் பொத்தாமல் உட்கார்ந்தவர். முதல் நாள் ஜெபம்கூடப் பண்ணவில்லை. இரண்டாம் முறை டோனாவூர் அம்மையைப் பற்றிச் சொன்னார். ஏமி கார்மைக்கேல் என்ற அயர்லாந்துக்காரி. கோயில்களுக்கு விடப்பட்ட பெண்பிள்ளைகளை எடுத்து வளர்த்தவர். 1931இல் களக்காட்டில் ஒரு குழிக்குள் தவறி விழுந்தார். அதன்பின் 1951இல் இறக்கும்வரை பெரும்பாலும் ஓர் அறையில், ஒரு கட்டிலில். எழுந்து நடக்கவில்லை. அவருக்கு விசுவாசம் இல்லை என்று இந்த ஜில்லாவில் எவனாவது சொல்லுவானா என்று ஐயர் கேட்டார்.

அப்பா முகத்தைத் திருப்பினார். வெகு நாளைக்குப் பிறகு திருப்பினார். "அந்த அம்மா கிடந்த கிடையில புத்தகம் எழுதுனாவ ஐயரே. நான் கைநாட்டு. நான் என்னத்த எழுத?"

அதற்கு ஐயரிடம் பதில் இல்லை. நல்ல பதில் இல்லாதபோது சும்மா இருக்கத் தெரிந்த போதகர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அவர் சும்மா இருந்தார். போய் வேலூருக்குக் கடிதம் எழுதினார்.

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் மறுவாழ்வு நிலையம் பாகாயத்தில் இருக்கிறது. 1966இல் தொடங்கியது. அதை உருவாக்கிய டாக்டர் மேரி வர்கீஸ் 1954இல் கார் விபத்தில் முதுகெலும்பு முறிந்து, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தவர். இதெல்லாம் அப்பாவுக்கு அங்கே போய்த்தான் தெரியும். அவரைக் கவர்ந்தது வேறு. "அங்க நடக்கச் சொல்லி யாரும் சொல்லலம்மா, உக்காரச் சொல்லித் தாராவ," என்று அம்மாவிடம் சொன்னாராம். கையை ஊன்றி உடம்பைத் தூக்கிக்கொள்வது, காலில் காயம்பட்டால் உணர்ச்சி தெரியாது என்பதால் தினமும் கண்ணாடி வைத்துப் பார்ப்பது, சிறுநீர்க் குழாயைச் சுத்தமாக வைப்பது, எல்லாம் பாடம். அம்மாவுக்கும் பாடம் உண்டு. ராத்திரி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைத் திருப்பிப் போடவேண்டும். தவறினால் புண்.

எங்கள் வீட்டில் அலாரக் கடிகாரம் இல்லை. அம்மா எப்படி எழுந்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பகலெல்லாம் ஓலை கிழித்து முடைந்த கை. விழித்தால் சிம்னி விளக்கு வெளிச்சத்தில் அவள் முட்டுக்கொடுத்து அப்பாவைப் புரட்டுவது தெரியும். "மெல்ல, சாக்கு மூடையா நான்?" என்பார் அவர். "மூடைன்னா பேசாமக் கெடக்கும்," என்பாள் அவள். வருடக்கணக்கில் இது நடந்தது.

சக்கர நாற்காலி ஒன்றும் தந்தனுப்பினார்கள். ஊரே கூடிப் பார்த்தது. வாசலைத் தாண்டியதும் தேரிமணலில் சக்கரம் அச்சுவரை புதைந்து நின்றது! வேலூர்க்காரர்களுக்குத் தேரிக்காட்டைத் தெரிந்திருக்க நியாயமில்லை. வீட்டுக்குள் சாணிமெழுகின தரையில் உருண்டதே போதும் என்றாயிற்று. அப்பா கதவோரம் வந்து உட்கார ஆரம்பித்தார். யாரோ ஒரு பையன் பாளை அருவாளைத் தீட்டத் தெரியாமல் தேய்த்துக்கொண்டு போவதைப் பார்த்துத் திட்டி, வாங்கித் தீட்டிக் கொடுத்தார். பலகையில் வெங்கச்சங்கல் பொடியைத் தூவி, அவர் தீட்டினால் மயிரை வைத்து ஊதினால் அறுபடும். மறுவாரம் நாலு அருவாள் வந்தது. பிறகு விடியுமுன்னே எங்கள் வாசலில் பனையேறிகள் கூட்டம். கூலியாக ஒரு செம்பு பதநீர், இரண்டு நுங்கு, ஊர்வம்பு. அவர் மரம் ஏறவில்லை; ஆனால் எந்த மரம் அந்த வருடம் எவ்வளவு சுரக்கிறது என்ற கணக்கு அவரிடம்தான் இருந்தது.

அந்த வருடத்து ஸ்தோத்திரப் பண்டிகைக்கு நாலு பனையேறிகள் நாற்காலியோடு சேர்த்துக் கம்பு கட்டி அவரைக் கோயிலுக்குத் தூக்கினார்கள். வாசலில் இறக்கும்போது, "கூரையப் பிரிக்காம விட்டியளே, அதுவே ஸ்தோத்திரம்," என்றார். கப்பர்நகூம் திமிர்வாதக்காரன் கதை தெரிந்தவர்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள், ஐயரும்தான். சாட்சி நேரம் வந்தபோது அவரே கையைத் தூக்கினார். சபையில் சலசலப்பு. பிழைத்தது, வேலூர், புண் ஆறியது என்று கோர்வையாகச் சொல்வார், கடைசியில் சீக்கிரம் நடப்பேன் என்று விசுவாச அறிக்கை செய்வார் என்று எதிர்பார்த்திருப்பார்கள்.

"நான் நடக்கல. நடப்பேன்னு சொல்லவும் வரல. ராத்திரி ஒருத்தி முழிச்சி என்னப் புரட்டிப் போடுதா. அவ முழிக்கதுக்கு ஆண்டவர் என்ன பண்ணுதாரோ, அதுக்கு ஸ்தோத்திரம். அவளுக்கும் ஸ்தோத்திரம்."

அவ்வளவுதான். எங்கே "ஸ்தோத்திரம்" சொல்வதென்று சபைக்குத் தெரியவில்லை. மனுஷிக்கு ஸ்தோத்திரம் செலுத்தலாமா என்று ஒரு பெரியவர் அசனப் பந்தியில் கேட்டதாகக் கேள்வி. கறி நன்றாக இருந்ததால் விவாதம் நீளவில்லை.

அப்பா சாட்சி சொன்னது அந்த ஒருமுறைதான். அடுத்த வருடத்திலிருந்து அம்மா எழுந்தாள். அவள் சாட்சி ஒரு மளிகைச் சீட்டுப் போல இருக்கும். இன்ன மாதம் அரிசி இல்லாதபோது சபைக்குச் சேர்ந்த கைப்பிடி அரிசியில் இரண்டு படி தந்த கோயில்பிள்ளை. ஓட்டையான கூரைக்கு ஓலை போட்டு மேய்ந்த கீழத்தெருப் பையன்கள். அண்ணனை நாசரேத் தொழிற்பள்ளியில் சேர்க்கப் பரிந்துரைத்த ஐயர். பஞ்சத்தில் அநாதையான பிள்ளைகளுக்காக 1878இல் மர்காஷிஸ் ஐயர் தொடங்கிய பள்ளி அது. அண்ணன் அங்கே தச்சுவேலை படித்துத்தான் எங்களுக்கு ஓடு போட்டான். பிள்ளைக்கு வாத்தியார் தந்த பழைய சட்டை. அந்தப் பிள்ளை நான், அவள் அதைச் சொல்லும்போது பெஞ்சுக்கடியில் போய்விடலாம் போலிருக்கும். இவர்கள் ஒவ்வொருவர் பேரையும் சொல்லி, கடைசியில்தான் ஆண்டவர் பேர் வரும். கர்த்தர் அரிசி தந்தார் என்று அவள் மொட்டையாகச் சொன்னதே கிடையாது. யார் கையால் தந்தார் என்று சொல்லாவிட்டால் பாதிப் பொய் என்பது அவள் கணக்கு.

ஒரு வருடம் அந்தச் சீட்டில் காயல்பட்டினத்து முதலாளி பேரும் வந்தது. முன்பணம் தீர்ந்துவிட்டது என்று அவர் சொல்லியனுப்பியிருந்தார். ஆராதனை முடிந்ததும் உபதேசியார் வேப்பமரத்தடியில் அம்மாவை நிறுத்தினார். "சாட்சியில துலுக்கர் பேரு எதுக்கும்மா? வெளியில வச்சிச் சொல்லியிருக்கலாமே."

"எலியாவுக்குக் காக்கா அப்பம் கொண்டுவந்து போட்டுதே ஐயா. அது எந்தச் சபைன்னு அவரு கேட்டாரா?"

உபதேசியார் நல்ல மனிதர். சிரித்துக்கொண்டே போய்விட்டார். மறு வருடமும் அம்மா அந்தப் பேரைச் சொன்னாள்.

அப்பா 1994இல் போனார். இடுப்பு விழுந்தவர்களை அந்தக் காலத்தில் கொண்டுபோனது பெரும்பாலும் சிறுநீர்த் தொற்றுதான். அவருக்கும் அது சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டது. அந்த வருடம் அம்மா எழமாட்டாள் என்று நினைத்தோம். எழுந்தாள். ஆஸ்பத்திரிக்கு வேன் விட்டவர், ரத்தம் கொடுத்தவர், கல்லறை வெட்டியவர்கள் என்று பேர்களை வரிசையாகச் சொன்னாள். முடிவில், "அவியள இன்னும் கொஞ்ச நாளு விட்டு வச்சிருக்கலாம். அத நான் அவருகிட்டத் தனியாக் கேட்டுக்கிடுதேன்," என்றாள். சபையில் கடவுளைக் குறை சொன்னவர்கள் அவளுக்கு முன் யாரும் இல்லை. ஆனால் அது குறையாகவும் ஒலிக்கவில்லை. நெடுநாள் கொடுக்கல்வாங்கல் உள்ள இடத்தில் பேசுகிற உரிமையாக ஒலித்தது. சாட்சி என்றால் இதுதான் என்று எனக்குப்பட்டது. கடவுள் உண்மையுள்ளவர் என்று நம்புகிறவளால்தான் அவர் முகத்தைப் பார்த்து வழக்குப் பேசமுடியும். ஒன்றும் நடக்காதென்று தெரிந்தவன் வழக்கே போடமாட்டான்.

2023 டிசம்பர் 17, 18இல் எங்கள் பக்கம் வானம் பொத்துக்கொண்டது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. தாமிரபரணி ஊர்களுக்குள் புகுந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோய், நூற்றுக்கணக்கானவர்கள் சுற்றிலும் தண்ணீராக மாட்டிக்கொண்டார்கள். நான் வேலையிலிருந்து ஓய்வுபெற்றுத் தூத்துக்குடியில் இருந்தேன். அம்மா அதற்குச் சில வருடம் முன்பே போய்விட்டாள். பாதி நகரம் இடுப்பளவு தண்ணீரில் நின்றது. எங்கள் தெரு கொஞ்சம் மேடு, தப்பித்தது.

கிறிஸ்துமஸ் ஆராதனையில் சாட்சி. "பக்கத்துத் தெருவரைக்கும் தண்ணி வந்துச்சு, எங்க வாசல்படியில கர்த்தர் கோடு போட்டாப்ல நிறுத்திட்டார்," என்றார் ஒருவர். நெஞ்சாரச் சொன்னார், அவரைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. ஆனால் பக்கத்துத் தெருக்காரர்கள் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் வீட்டு மெத்தை இன்னும் காயவில்லை. பஸ்ஸைத் தவறவிட்டவரை நினைத்துக்கொண்டேன். அடுத்தவன் நனைந்ததைச் சொல்லாமல் என் உலர்ந்த வாசலை ஒரு சாட்சியாக்க முடியாது என்றால், அந்தச் சாட்சி எனக்கு வேண்டாம். அந்த மூன்றாவது பெஞ்சு அம்மாள் எழுந்து, மொட்டைமாடியில் தாங்கள் இருந்தபோது படகில் பால்பாக்கெட் கொண்டுவந்த மீனவப் பையன் பேரைச் சொல்லியிருந்தால் அது வேறு. அவர் எழவில்லை. முடிவு நல்லபடி அமையாதவர்கள் இப்போதும் எழுவதில்லை.

ஜனவரியில் காயல்பட்டினம் போனேன். முதலாளியின் பேரன் கடை நடத்துகிறார் என்று விசாரித்து வைத்திருந்தேன். கிட்டங்கியில் இன்னும் ஈரம். மழைக்கால விலைக்காக அடுக்கிவைத்திருந்த கருப்பட்டி மூட்டைகளில் கீழடுக்கு முழுவதும் கரைந்து ஓடிவிட்டதாம். "தண்ணி வடிஞ்சப்புறம் ஊர்ல உள்ள எறும்பெல்லாம் இங்கதான் இருந்துச்சு," என்று சிரித்தார். நான் யார் என்று சொல்லி, முன்பணக் கதையையும் சொன்னேன். கடன் உண்மையில் கழிந்ததா, இல்லை அவர் சும்மா சொன்னாரா என்று அம்மாவுக்குக் கடைசிவரை சந்தேகம். பெட்டிக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் பாதிகூடத் தேறவில்லை என்பாள். அதைக் கேட்டுப்போகத்தான் வந்தேன் என்றேன்.

அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்பா எனக்குச் சொன்னதில்லையே, தாத்தா அவருக்கும் சொல்லியிருக்கமாட்டார் என்றார். பழைய பேரேடுகள் இருந்த அலமாரியைக் காட்டினார். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகியிருந்தன. நான் கொண்டுபோயிருந்த கவரை மேசையில் வைத்தபோது அதைத் திருப்பி என் பக்கம் தள்ளிவிட்டு, டீ சொன்னார். டீ வந்ததும்தான் ஆளுக்குச் சுறுசுறுப்பு வந்தது.

"உங்க ஊர்ப்பக்கம் இப்பவும் யாரும் பனை ஏறுறாங்களா? சீனி கலக்காத கருப்பட்டி கிடைக்கவே மாட்டேங்குது."

ஏறுகிறார்கள், நாலைந்து பேர்தான் என்றேன். அதில் ஒருவன் அப்பாவைத் தூக்கிவந்த நாலு பேரில் ஒருவருடைய பேரன். அவன் போன் நம்பரைக் கொடுத்தேன். கிலோ என்ன விலைக்குத் தருவான் என்று கேட்டார். சொன்னேன்.

"கொஞ்சம் கூடுதலா இருக்கே அண்ணாச்சி," என்றார்.